அரக்கு வைத்த கவர்

பூமியைக் காப்பாற்றும் பொறுப்பு நூறாண்டுக்கு ஒருமுறைதான் ஒரு தனி மனிதரின் தோளில் வந்து இறங்குகிறது. அவர் பின்வாங்குவதில்லை. தன் சுகத்தைத் துறக்கிறார். வரலாறு அவரைக் குறித்துக்கொள்கிறது.

கடலூர் செம்மண்டலத்தில் அந்த மனிதர், சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, வேட்டியும் பனியனுமாகக் கட்டிலுக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு, அங்கே இல்லவே இல்லாத ஒரு சாவியைத் தேடுவதுபோல் நடித்துக்கொண்டிருந்தார்.

“நல்லா பாருங்க. செவுத்தோரமா பாருங்க,” என்றாள் வியாகுலமேரி.

“பாத்துட்டேன்.”

“இருவத்தி நாலு நாளா இதையேதான் சொல்றீங்க. பீரோ சாவிக்கு காலா மொளைச்சிடுச்சி? அத்தினி பேர் முன்னாடி மேடையில நிக்கணும் நான். பட்டுப்பொடவ பீரோக்குள்ள. சாவி எங்கன்னு அந்தோணியாருக்கே தெரியல. மூணு வாரமா மெழுகுத்திரி ஏத்துறேன்.”

அந்தோணியாருக்குத் தெரியுமோ தெரியாதோ, லூர்துசாமிக்கு நன்றாகத் தெரியும்.

இந்தக் குடும்பத்தை வாராவாரம் பின்தொடர்ந்து வருகிறவர்களுக்கு, தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனன்று நடந்தது நினைவிருக்கும். ‘இந்தத் தவக்காலத்தில் காரைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள், பஸ்ஸிலும் வேனிலும் சேர்ந்து போங்கள்’ என்று பங்குத்தந்தை மரிய அருள் பூசையில் சொன்னார். மற்றவர்கள் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். ஓய்வுபெற்ற துணை வட்டாட்சியரும் பங்குப் பேரவைச் செயலாளருமான லூர்துசாமி மட்டும் அன்று மாலைப் பூசையில் எழுந்து நின்று, நாற்பது நாளும் காரைத் தொடமாட்டேன் என்று அறிவித்து, சாவியை ஒரு பழுப்புக் கவரில் போட்டு, பீடத்தின் மெழுகுதிரியிலேயே அரக்கை உருக்கி, மூன்று இடத்தில் முத்திரை வைத்து, குறுக்கே கையெழுத்துப் போட்டு, தேதி எழுதி, சாட்சிக்கு இரண்டு பேரிடம் கையெழுத்தும் வாங்கிப் பங்குத்தந்தையிடம் ஒப்படைத்தார். திட்டக்குடி தாலுகா ஆபீசில் முப்பது வருஷம் ஓட்டுப்பெட்டிகளைக் கட்டிவைத்த கை அது.

கவரில் இருந்தது பீரோ சாவி.

இதை ஏமாற்று என்று சொன்னால் லூர்துசாமி ஒப்புக்கொள்ள மாட்டார். தவக்காலத்தின் நாற்பது நாளில் ஞாயிற்றுக்கிழமைகள் கணக்கில் வராது. அது திருச்சபையே சொல்வது. ஆக, ஞாயிறுதோறும் காருக்குச் சாவி வேண்டும். மாற்றுச் சாவியோ இரண்டு வருஷத்துக்கு முன்பே தொலைந்துவிட்டது. தானே தொலைத்துவிட்டதாக நம்பியதால் அதைப் பற்றி வீட்டில் அவர் மூச்சு விட்டதில்லை. அதனால் ஆணியில் தொங்கிய ஏதோ ஒரு சாவியை எடுத்துக் கவரில் போட்டார். வியாகுலமேரியிடம் பீரோவுக்கு இன்னொரு சாவி இருக்கும் என்று நினைத்தார். இல்லை.

இத்தனைக்கும் மூன்று ஞாயிறு கடந்தும் கார் ஓர் அங்குலம் நகரவில்லை. வியாகுலமேரி மரியாயின் சேனைக் கூட்டத்துக்குப் போன நேரம் பார்த்து, கேட்டைச் சாத்திவிட்டு, கார் மேல் போட்ட தார்ப்பாயைப் பாதி விலக்கி, உள்ளே ஏறி உட்கார்ந்து, இன்ஜினைப் போட்டு ஐந்து நிமிஷம் கேட்டுவிட்டு இறங்கிவிடுவார். அவ்வளவுதான் அவர் செய்த துரோகம்.

இன்று சிதம்பரத்தில் பல பங்குகள் சேர்ந்து நடத்தும் பசுமைத் தவக்காலக் கூட்டம். முன்மாதிரிக் குடும்பத்துக்குப் பொன்னாடை. ஃபாதர் நேற்று போனில் சொன்னார்: “அந்தக் கவரை மேடையிலயே பிரிச்சி சாவியைக் காட்டுவோம். ஜனங்களுக்கு அப்பதான் மனசுல பதியும்.”

லூர்துசாமிக்கு நேற்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

“அப்பா, வேன் வர்ற டைம்,” என்று வாசலிலிருந்து கூப்பிட்டாள் நித்யா மேரி.

“வரட்டும். நிக்கும்.”

“ரெண்டு நிமிஷம்தான் நிக்கும். அதுக்குமேல பாய் அவுங்க வீட்டு ஆளுக்கே நிக்க மாட்டாரு.”

நித்யா சிதம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறாள். போன மாதம் வரை அப்பாதான் காரில் கொண்டுபோய் விட்டார். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. அவள் ஒருத்திக்காக அந்தக் கார் தினம் இரண்டு தடவை சிதம்பரம் போய் வந்தது. அவள் பின் சீட்டில். முன் சீட்டில் அப்பாவின் கைப்பை. அந்த முன் சீட்டுக்கு ஒரு சரித்திரம் உண்டு. பதினோரு வருஷத்துக்கு முன்பு, கார் வாங்கி மந்திரித்த அன்று, வியாகுலமேரியின் தம்பி ஆரோக்கிய பிரபு கேட்காமல் கொள்ளாமல் அதில் ஏறி உட்கார்ந்துவிட்டான். “எறங்கு, அது சாமியார் உட்கார்ற எடம்,” என்றார் லூர்துசாமி. இறங்கியவன் நடந்தே வீட்டுக்குப் போனான். அடுத்த தெருதான். அன்றோடு மாமனும் மச்சானும் பேச்சை நிறுத்தினார்கள்.

நோன்பு வந்த பிறகுதான் நித்யா குலாம் முகம்மதுவின் ஷேர் வேனில் சேர்ந்தாள். தினம் சிதம்பரம் போகிற பன்னிரண்டு பேர். தூங்கலாம், படிக்கலாம், வாய்விட்டுச் சிரிக்கலாம். யாரும் அவளுக்குப் புத்தி சொல்வதில்லை. ஆனால் ஈஸ்டருக்குப் பிறகும் சீட்டு வேண்டுமா வேண்டாமா என்று இன்று சாயங்காலத்துக்குள் பாயிடம் சொல்லியாக வேண்டும். அந்த சீட்டுக்கு வெளியே ஆள் காத்திருக்கிறது.

“ஈஸ்டர் முடிஞ்சதும் நம்ம கார்தான்,” என்று அப்பா முடித்துவிட்டார். “கவர்மெண்ட் வண்டியில போய்வந்த குடும்பம் நாம.”

வெளியே ஹாரன் கேட்டது. லூர்துசாமி சட்டையைப் போட்டார், தலையைச் சீவினார், மறுபடி ஒருமுறை சீவினார். அவர் காலத்தில் ஜீப் காத்திருந்தது, டிரைவர் காத்திருந்தார், சில நாள் கலெக்டர் ஆபீஸ் ஃபைலே காத்திருந்தது. வாசலுக்கு வந்தபோது வேன் நகர ஆரம்பித்திருந்தது. முன்னாள் துணை வட்டாட்சியர், செருப்பு ஒன்று காலிலும் ஒன்று கையிலுமாக, கும்தாமேடு போகிற டவுன் பஸ்ஸே நின்று வேடிக்கை பார்க்கும்படி இருபது அடி ஓடினார்.

“வாங்க சார்,” என்றார் குலாம் முகம்மது ஸ்டியரிங்கிலிருந்து. சவுதியில், தம்மாமில் பதினெட்டு வருஷம் கம்பெனி பஸ் ஓட்டியவர். “ரெண்டு நிமிஷம் பத்து செகண்டு. மொத நாளுன்னு விட்டுட்டேன்.”

இன்று லீவு போட்ட மூவரின் இடம் காலி. வியாகுலமேரிக்கு ஜன்னலோரம் கிடைத்தது. புது ஆளுக்குக் கடைசி வரிசையில், சக்கரத்துக்கு மேலே இருக்கிற மேடு.

“நோன்பு எப்படி போவுது சார்?” என்றார் பாய் கண்ணாடியில் பார்த்து. “எனக்கு இன்னிக்கு இருவத்தி நாலாவது.”

“நமக்கு இருபத்திரண்டு.”

“நீங்க எங்களுக்கு ஒரு நாள் முந்தி ஆரம்பிச்சீங்களே?”

“ஞாயித்துக்கிழமை கணக்குல வராது பாய்.”

குலாம் முகம்மது ஒரு மாட்டு வண்டிக்கு வழிவிட்டு, கியரை மாற்றினார்.

“எங்களுக்கு வெள்ளிக்கிழமையும் கணக்குல வரும் சார்,” என்றார்.

திருப்பாதிரிப்புலியூரில் ஃபாதர் மரிய அருள் ஏறினார். கையில் ஒரு ஜோல்னாப் பை. காலியாக இருந்த ஒரே இடம் லூர்துசாமிக்குப் பக்கத்தில்.

“ஸ்தோத்திரம் ஃபாதர்.”

“ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம். இந்தப் பையைக் கொஞ்சம் வெச்சிக்குங்க லூர்துசாமி. உங்க கவர் அதுலதான் இருக்குது.” பையை அவர் மடியில் வைத்துவிட்டு, முதுநகர் தாண்டுவதற்குள் ஃபாதர் குறட்டை விட ஆரம்பித்தார்.

கடவுள் இவ்வளவு பச்சையாக உதவி செய்வார் என்று லூர்துசாமி எதிர்பார்க்கவில்லை. சட்டைப் பையில் நிஜமான கார் சாவி இருந்தது. மடியில் கவர் இருந்தது. பக்கத்தில் ஃபாதர் தூங்கினார். ஆலப்பாக்கம் தாண்டியதும் பைக்குள் மெல்லக் கையை விட்டார்.

கவர் கையில் பட்டது. பிறகு அரக்கு பட்டது.

மூன்று இடத்தில், ரூபாய் நாணயம் அகலத்துக்கு, கெட்டியாக. குறுக்கே அவருடைய கையெழுத்து, கீழே தேதி, பக்கத்தில் இரண்டு சாட்சிகள். பிரித்தால் தெரியும். புதுக் கவரில் போடலாம் என்றால் அரக்குக்கு எங்கே போவது, சாட்சிகளுக்கு எங்கே போவது? யாரும் கையே வைக்க முடியாதபடி ஒரு கவரை மூடத் தெரிந்த ஒரே ஆள் இந்த மாவட்டத்தில் அவர்தான். அதை எண்ணி முதல்முறையாக அவர் வருந்தினார்.

நகத்தால் ஓரத்தைச் சுரண்டிப் பார்த்தார்.

“சார், ஃபாதர் பையில இன்னா தேடுறீங்க?”

முன் வரிசையிலிருந்து திரும்பிப் பார்த்தது சத்யப்பிரியா. நித்யாவின் தோழி, ஒரு காலேஜ் ஆபீசில் வேலை. குரல் வேனின் கடைசி போல்ட்டு வரை கேட்டது.

“மாத்திரை,” என்றார் லூர்துசாமி.

“இன்னா மாத்திரை?”

“சும்மா... ஒரு மாதிரி இருக்குது.”

ஷேர் வேனில் ‘ஒரு மாதிரி இருக்குது’ என்று சொல்லக் கூடாது. ஆறு கைப்பைகள் திறந்தன. ஒருவர் கேஸ் மாத்திரை நீட்டினார், ஒருவர் பிரஷர் மாத்திரை. பேங்க்கில் இருக்கிற செம்பியன் ஓமத் தண்ணீரே வைத்திருந்தான். சொந்தக் காரில் பதினோரு வருஷம் போனவருக்கு இந்த ஆபத்து பழக்கமில்லை. அத்தனை கண்களுக்கு முன்னால் கேஸ் மாத்திரையை மென்று, ஓமத் தண்ணீரும் குடித்தார்.

“வெறும் வயித்துல இருந்திருப்பாரு,” என்றாள் வியாகுலமேரி ஜன்னல் பக்கமிருந்து. “கட்டிலுக்கு அடியில சாவி தேடிக்கினே இருந்தாரு பாவம்.”

வெள்ளாற்றுப் பாலத்தில் ஃபாதர் விழித்துக்கொண்டார். “பை பத்திரமா?” என்றார்.

“பத்திரம் ஃபாதர்,” என்றார் லூர்துசாமி. அவர் வாழ்க்கையில் சொன்ன மிக உண்மையான வார்த்தை அது.

சிதம்பரம் மேல வீதிப் பக்கம் ஒரு சமூகக் கூடம். முந்நூறு நாற்காலி, இருநூறு பேர். நித்யா லேபில் ஒரு மணி நேரம் பர்மிஷன் கேட்டு வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மேடையில் லூர்துசாமி, பக்கத்தில் நூல் புடவையில் வியாகுலமேரி, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல்.

பேசச் சொன்னார்கள். லூர்துசாமி பேசினார். கவர் திறக்கும் நேரத்தைத் தள்ளிப்போட வேண்டும் என்பதால் ஆதியாகமத்திலிருந்து ஆரம்பித்தார். ஆதாமுக்குக் கார் இல்லை என்றார். நோவாவின் பேழையை உலகின் முதல் கூட்டுப் பயணம் என்றார். அதற்கு நல்ல கைதட்டல் கிடைத்தது. பதினாலாவது நிமிஷத்தில் யாரோ சோடா கொடுத்து உட்காரவைத்தார்கள்.

“முத்திரை வெச்சவரே உடைக்கட்டும்,” என்றார் ஃபாதர்.

லூர்துசாமி உடைத்தார். அரக்குத் துண்டு ஒன்று தெறித்து, மேடையேறியதும் அவர் கழுத்தில் போட்ட மாலையில் விழுந்தது. ஃபாதர் கவரைக் கவிழ்த்து, உள்ளங்கையில் விழுந்ததை இரண்டு விரலால் பிடித்து உயரே தூக்கிக் காட்டினார்.

கூடம் அதிரக் கைதட்டியது. பத்தடி தூரத்தில் எல்லாச் சாவியும் சாவிதான்.

மேடையில் இருந்த மூன்று பேருக்கு மட்டும் அது தட்டையாக, விரல் நீளத்தில், காதில் சிவப்பு நூல் கட்டியிருந்தது தெரிந்தது. அந்த நூலைக் கட்டியது வியாகுலமேரி.

ஃபாதர் மைக்கைக் கையால் மூடினார். “கார் சாவி இவ்ளோ சின்னதா இருக்குமா, லூர்துசாமி?”

“அது... பழைய மாடல் ஃபாதர்.”

“பழைய மாடல்தான் ஃபாதர்,” என்றாள் வியாகுலமேரி. அவள் குரல் உயரவே இல்லை. “என் கல்யாணத்துல எங்கம்மா சீர்ல குடுத்த பீரோ.”

கைதட்டல் ஓயவில்லை. போட்டோகிராபர் இன்னும் கொஞ்சம் சிரிக்கச் சொன்னார். மூவரும் சிரித்தார்கள்.

“ஞாயித்துக்கிழமை கணக்குல வராதுன்னுதான் ஃபாதர்,” என்றார் லூர்துசாமி, உதடு அசையாமல். “கார் நகரல. ஆணையா நகரல. சும்மா உள்ள உக்காந்தேன்.”

வியாகுலமேரி ஃபாதரின் கையிலிருந்து சாவியை எடுத்து முந்தானையில் முடிந்தாள்.

“சாயங்காலம் வேன்ல ஏறினதும் நித்யாவுக்கு சீட்டு வேணும்னு பாய்கிட்ட உங்க வாயால சொல்லுங்க. ஈஸ்டருக்கு அப்புறமும்,” என்றாள். “இல்லன்னா இப்பவே அந்த மைக்க எங்கிட்ட குடுங்க.”

“சொல்லிடறேன்.”

“சத்தமா.”

“சத்தமாவே சொல்றேன் மேரி.”

ஃபாதர் மரிய அருள் கெட்ட மனிதர் இல்லை. அவர் கொஞ்ச நேரம் லூர்துசாமியின் மாலையில் ஒட்டியிருந்த அரக்கையே பார்த்தார். பிறகு மைக்கிலிருந்து கையை எடுத்தார்.

“ஒரு விஷயத்தை அண்ணன் அடக்கத்தால சொல்லல,” என்றார். “ஞாயிற்றுக்கிழமை நோன்புக் கணக்குல வராது. அது சரிதான். அதனால நாளையிலேர்ந்து ஒவ்வொரு ஞாயிறும் அவர் காரை எடுக்கப் போறார். நடக்க முடியாதவங்க நாலு பேரை வீட்டிலேர்ந்து ஏத்தி, பூசைக்குக் கொண்டுவந்து, திரும்ப விடப் போறார். தனியா ஓடினாத்தான் பாவம். நாலு பேரோட ஓடினா அது பஸ்ஸு.”

இப்போது வந்த கைதட்டல் முன்னதைவிடப் பெரியது. லூர்துசாமி எழுந்து கைகூப்ப வேண்டியதாயிற்று. ஒரு நிமிஷத்துக்கு முன்பு வரை தனக்கே தெரியாத தன் தியாகத்துக்காக அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நெகிழ்ச்சியில் அவருக்குக் கண்கூடக் கலங்கியது.

சாயங்காலம் ஐந்தரை மணி வேனுக்கு அவர் ஐந்து இருபதுக்கே வந்து நின்றார். கழுத்தில் பொன்னாடை.

“சார் திருந்திட்டாரு,” என்றார் குலாம் முகம்மது.

“பாய். நித்யாவோட சீட்டு நித்யாவுக்கே. ஏப்ரலுக்கும். அதுக்கு அப்புறமும்.”

சத்தமாகத்தான் சொன்னார். வேனில் இருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். நித்யா அப்பாவைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், அம்மாவின் முந்தானை முடிச்சைப் பார்த்தாள்.

ஆலப்பாக்கத்துக்கு முன்பாக, பொழுது இறங்கும் நேரத்தில், ஒரு புளியமரத்தடியில் வேன் ஓரங்கட்டி நின்றது. பாய் டப்பாவைத் திறந்து பேரீச்சம்பழத்தை முதலில் தன் வாயில் போட்டுக்கொண்டு, பிறகு வரிசையாக எல்லோருக்கும் நீட்டினார். பிளாஸ்கிலிருந்து நோன்புக் கஞ்சி மூடியில் ஊற்றிக் கைமாறி வந்தது. லூர்துசாமி வாட்சைப் பார்த்தார்.

“அஞ்சு நிமிஷமாச்சே பாய். ரெண்டு நிமிஷம் ரூல் இன்னாச்சி?”

“அது ஆளுங்களுக்கு சார். இது அல்லாவுக்கு.”

கஞ்சி நன்றாக இருந்தது. லூர்துசாமி இன்னொரு மூடி கேட்டு வாங்கிக் குடித்தார். நேற்றிலிருந்து அவர் வயிற்றில் உருப்படியாக இறங்கியது அதுதான். சக்கரத்து மேட்டில் உட்கார்ந்திருந்ததில் இடுப்பு வலித்தது. அதையும் யாரோ கவனித்து ஒரு துண்டை மடித்துக் கொடுத்தார்கள்.

வேன் கிளம்பியபோது போனில் வாட்ஸ்அப் வந்தது. ஃபாதர் அனுப்பியிருந்தார். நாளைக் காலை ஏற்ற வேண்டிய நாலு பேரின் பட்டியல். லூர்துசாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

முதல் பெயர் ஆரோக்கிய பிரபு. ‘மூட்டு ஆபரேஷன் ஆகியிருக்கிறது. காலை மடக்க முடியாது. முன் சீட் கொடுக்கவும்.’

“யாரு யாரு வர்றாங்களாம்?” என்று கேட்டாள் வியாகுலமேரி.

“நாலு பேரு,” என்றார்.

வீட்டுக்குப் போனதும் அவள் காபி போடவில்லை, முகம் கழுவவில்லை. நேராக பீரோவுக்குப் போய் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். லூர்துசாமி பொன்னாடையை மடிப்பதுபோல் வாசற்படியருகே நின்றார். நித்யா அம்மாவின் பின்னால். பூட்டு ஒரே சுற்றில் திறந்தது. ரசகற்பூர வாசனை வந்தது. வியாகுலமேரி பட்டுப்புடவையை எடுத்து உதறினாள்.

அதற்கு அடியில் ஒரு சின்ன பிளாஸ்டிக் கவர். கவருக்குள் ஒரு கறுப்புச் சாவி.

“இது இன்னாம்மா?” என்றாள் நித்யா.

“கார் சாவிதான். அந்த ரெண்டாவது சாவி. உங்கப்பா டிவி மேல போட்டு வெச்சிருந்தாரு. தொலைஞ்சிடப் போவுதேன்னு எடுத்து உள்ள வெச்சேன். ரெண்டு வருஷம் இருக்கும்.”

“சொல்லவே இல்லையே,” என்றார் லூர்துசாமி.

“நீங்க கேக்கவே இல்லையே.”

அவர் கேட்டிருக்கவில்லை.